12 வயதில் பல்லவ அரியணை... நந்திவர்மனின் வம்சத்தை டி.என்.ஏ சோதனை சொல்லுமா?

எச்சிலை ஒரு சின்னக் குழாயில் துப்பி அனுப்பினால் போதும். உங்கள் மூதாதையர் எந்தெந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று சில வாரங்களில் செல்போனுக்கே அறிக்கை வந்துவிடும். கூடவே, வரலாற்றில் பேர் பெற்ற இன்னாருக்கு நீங்கள் தூரத்துச் சொந்தம் என்று சொல்லும் வசதியும் சில நிறுவனங்களில் உண்டு. தமிழ்நாட்டில் கேட்கவா வேண்டும்? சோழர் எங்க ஆளு, பல்லவர் எங்க ஆளு என்று பேனர் வைப்பதும், ஃபேஸ்புக்கில் சண்டை போடுவதும் ஏற்கெனவே இங்கே நடக்கிறது.

அப்படின்னா, ஒரு பல்லவ மன்னரின் வாரிசு என்பதை டி.என்.ஏ சோதனையால் நிரூபிக்க முடியுமா? இதற்குப் பதில் சொல்ல இரண்டாம் நந்திவர்மனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பல்லவமல்லன் என்று அழைக்கப்பட்ட இவர், வம்சாவளியை வைத்தே அரியணைக்கு வந்தவர். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போய், அப்படியே மாமல்லபுரம், காஞ்சிபுரம் என்று ஒரு ரவுண்டு அடித்துத் திரும்புகிறவர்கள் சுற்றி வருவது முழுக்க இவர் ஆண்ட தொண்டை மண்டலத்தில்தான்.

வாரிசு இல்லாமல் போன அரியணை

மாமல்லபுரம் என்றதும் நினைவுக்கு வருவது மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன். கடற்கரைக் கோயிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலும் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மனின் பேர் சொல்பவை. இவர்கள் எல்லோரும் சிம்மவிஷ்ணுவின் நேரடி வழியில் வந்தவர்கள்.

ராஜசிம்மனுக்குப் பிறகு வந்த அவருடைய மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் சுமார் 3 ஆண்டுகள்தான் ஆண்டார். சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து கப்பம் வாங்கிக்கொண்டு போன காலம் அது. சுமார் 731-ல் பரமேசுவரவர்மன் இறந்தபோது அடுத்து யார் என்ற கேள்விக்குக் காஞ்சியில் பதில் இல்லை. வடமேற்கே சாளுக்கியர், தெற்கே பாண்டியர், மேற்கே கங்கர். காலி அரியணையோடு பத்து நாள் இருப்பதுகூட ஆபத்து.

அடுத்து நடந்ததை நமக்குச் சொல்வது காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில். திருச்சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவர் கதை புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதிக்குக் கீழே, இன்ன காட்சி இது என்று விளக்கும் வரிகளும் உண்டு. இன்றைய செய்திப் படங்களுக்குக் கீழே போடும் குறிப்பு மாதிரி. இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வரிகளோடு பொருத்தி ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவர்தான். 1940-ல், 40 வயதைத் தொடாமலே இறந்துவிட்டார். இந்தக் கோயில் பற்றிய அவரது நூல் 1941-ல்தான் வெளிவந்தது. நந்திவர்மனின் சிறுவயதுக் கதை இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மூன்று அண்ணன்கள் மறுத்த வேலை

சிற்பம் சொல்லும் கதை இதுதான். அமைச்சர்கள், கடிகை என்ற உயர்கல்வி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், மூலப்பிரகிருதியார் எனப்பட்ட குடிகளின் முக்கியஸ்தர்கள் ஆகியோர் கூட்டமாகக் கிளம்பி இரணியவர்மன் என்பவரிடம் போகிறார்கள். இவர் பல்லவர் குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவர். எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இரணியவர்மன் முதலில் குலத்துப் பெரியவர்களைக் கேட்கிறார். யாரும் வரவில்லை. பிறகு தன் நான்கு மகன்களைக் கூப்பிடுகிறார். ஸ்ரீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் மூன்று பேரும் மறுத்துவிடுகிறார்கள். கடைசிப் பையன் பல்லவமல்லன் மட்டும் வணங்கி நின்று, நான் போகிறேன் என்கிறான். அப்போது அவனுக்கு வயது 12.

அப்பாவுக்கு மனசு வரவில்லை. சின்னப் பையனை எதிரிகள் சூழ்ந்த நாட்டுக்கு எப்படி அனுப்புவது? தரண்டிகொண்ட போசர் என்ற பெரியவர் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதிக்கிறார். மலை, ஆறு, காடு எல்லாம் கடந்து வரும் பையனைப் பல்லவடி அரையர் என்ற தலைவர் படையோடு எதிர்கொண்டு, யானை மேல் ஏற்றிக் காஞ்சிக்குள் அழைத்து வருகிறார். சிற்றரசர்கள், நகரத்தார் முன்னிலையில் நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூட்டு நடக்கிறது. கட்வாங்கக் கொடி, சமுத்திரகோஷம் என்ற முரசு உட்பட அரச சின்னங்கள் அவன் கைக்கு வருகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்தக் கோயிலைக் கட்டியவர் நந்திவர்மனேதான். அதாவது நாம் பார்ப்பது அவர் தரப்புக் கதை. சிற்ப வரிசை பிரம்மா, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று புராணத்தில் தொடங்கி, அத்தனை பல்லவர்களையும் கடந்து அவரிடம் வந்து நிற்கிறது. பிறப்புரிமையில் கொஞ்சமாவது சந்தேகம் கிளம்பியிருக்காவிட்டால், ஒரு மனிதர் தன் வாரிசுச் சான்றிதழை இவ்வளவு பெரிய சுவரில் செதுக்கி வைப்பாரா?

இரண்டு செப்பேடு, இரண்டு அப்பா

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்ப்போம் இல்லையா? பல்லவர் செப்பேடுகள் கிட்டத்தட்ட அப்படித்தான். தானம் தரும் நிலத்தின் விவரம் கடைசியில்தான் வரும். முதலில், தானம் தருகிறவர் யார், அவர் அப்பா யார், தாத்தா யார் என்று நீளமாகப் போகும்.

காரைக்கால் அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடு நந்திவர்மனின் 22-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொண்டை நாட்டு ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் கொடுகொள்ளி என்ற ஊரை ஓர் அந்தணருக்குத் தானமாகக் கொடுத்த பத்திரம் அது. அதில் உள்ள வம்சாவளிப்படி, சிம்மவிஷ்ணுவுக்குப் பீமவர்மன் என்று ஒரு தம்பி. அவர் வழியில் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன். இரணியவர்மனுக்கும் ரோகிணிக்கும் பிறந்தவர் நந்திவர்மன். குடிகள் தேர்ந்தெடுத்த மன்னர் என்றும் அந்தச் செப்பேடே சொல்கிறது.

அதற்கு ஓராண்டு முந்தைய, 21-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உதயேந்திரம் செப்பேடு வேறு மாதிரி சொல்கிறது. அதன்படி நந்திவர்மன், இறந்துபோன இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகன்! ஒரே மன்னர், அடுத்தடுத்த ஆண்டு, இரண்டு அப்பா. நமக்குக் கிடைத்த உதயேந்திரம் செப்பேடு பிற்காலத்தில் எழுதப்பட்ட நகல் என்பது எழுத்தமைதியை வைத்து அறிஞர்கள் சொல்லும் கருத்து. வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பமும் காசாக்குடிச் செப்பேடும் ஒத்துப்போவதால், இரணியவர்மன் மகன் என்பதையே ஏற்கிறார்கள்.

காசாக்குடிக் கணக்கை வைத்து உறவுமுறை போட்டுப் பார்த்தால் இன்னொரு சுவாரஸ்யம். தலைமுறைப்படி நந்திவர்மன், ராஜசிம்மனுக்குப் பங்காளி முறையில் தம்பி. அப்படியானால் இறந்துபோன பரமேசுவரவர்மனுக்கு அந்த 12 வயதுப் பையன் சித்தப்பா ஆகணும்!

டி.என்.ஏ இதைத் தீர்த்துவைக்குமா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பரம்பரை பார்க்க டி.என்.ஏ-வில் மூன்று வழிகள் உண்டு. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது மகள்கள் மட்டும்தான். மீதி இருக்கும் பெரும்பகுதி அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பாதிப் பாதியாக வந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைக்கப்படும்.

பல்லவர் வம்சம் ஆண்வழி. அப்போ ஒய் குரோமோசோம் பார்த்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் இங்கேதான் சிக்கல். இரண்டு செப்பேடுகளில் எது சரியாக இருந்தாலும், நந்திவர்மனின் ஒய் குரோமோசோம் ஒன்றுதான். சிம்மவிஷ்ணு வழியாகப் போனாலும், தம்பி பீமவர்மன் வழியாகப் போனாலும், இரண்டும் போய்ச் சேருவது அவர்களுடைய ஒரே அப்பாவிடம். பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய். வர மறுத்த மூன்று அண்ணன்களுக்கும் அதே ஒய்தான். யார் மகன் என்ற வழக்கில் இந்தச் சாட்சி வாயே திறக்காது.

கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டுப் பகுதி? அப்பா, மகன் உறவு என்றால் சட்டென்று காட்டிவிடும். ஆனால் அதற்கு நந்திவர்மன், பரமேசுவரவர்மன் இருவரின் எலும்போ பல்லோ வேண்டும். அரச குடும்பங்களில் உடலை எரிப்பதுதான் வழக்கம். எந்தப் பல்லவ மன்னரின் எலும்பும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. நெருப்பில் வெந்த எலும்பில் டி.என்.ஏ மிஞ்சுவதும் அபூர்வம். புதைத்த எலும்புக்கே நம்ம ஊர் வெயிலும் ஈரமும் எதிரி. கீழடி பக்கத்தில் கொந்தகை முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆய்வு செய்கிறது. அவர்கள் எப்படிப்பட்ட மக்கள் என்று அதிலிருந்து ஓரளவு தெரியவரும். ஆனால் அந்தத் தாழிகளில் இருப்பவர்களின் பெயரை எந்தச் சோதனையும் சொல்லாது.

எலும்பு கிடைத்த இடங்களில் என்ன ஆனது?

இங்கிலாந்தில் 1485-ல் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு, 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் கிடைத்தது. பெண்வழியில் வந்த உறவினர்களோடு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ பொருந்தியது. ஆளை உறுதி செய்தார்கள். ஆனால் ஆண்வழி உறவினர்களாகக் காகிதத்தில் இருந்த ஐந்து பேரின் ஒய் குரோமோசோமும் மன்னரோடு பொருந்தவில்லை. நடுவில் எங்கோ, காகிதத்தில் இருந்த அப்பா உண்மையான அப்பா இல்லை. பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்த பிரபுக்கள் குடும்பத்திலேயே இந்த நிலைமை.

இந்தியாவிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஜார்ஜியா நாட்டு ராணி கெட்டவான் 1624-ல் பாரசீகத்தில் கொல்லப்பட்டார். அவரது எலும்பின் ஒரு பகுதியைப் பாதிரியார்கள் 1627-ல் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவின் புனித அகஸ்டின் தேவாலய இடிபாடுகளில் 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை எடுத்த எலும்பை, ஹைதராபாத் சி.சி.எம்.பி ஆய்வகம் சோதித்தது. இந்தியாவில் காணப்படாத, ஜார்ஜியாவில் இருக்கிற ஒரு தாய்வழி வகை அதில் இருந்தது. 2021-ல் அந்தப் புனித எச்சம் ஜார்ஜியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதிலும் டி.என்.ஏ தனியாக நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கே தோண்டணும் என்று சொன்னவை பழைய போர்த்துகீசிய ஆவணங்கள்.

கம்போடியாவில் இருந்து வந்தாரா?

நந்திவர்மன் பற்றி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. பீமவர்மன் வழியினர் கடல் கடந்து கம்போஜத்திலோ சம்பாவிலோ ஆண்டார்கள், அங்கிருந்துதான் பையனைக் கூட்டிவந்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் உண்மையிலேயே எழுதியிருக்கிறார்கள். அங்குள்ள மன்னர் பெயர்களிலும் வர்மன் என்ற முடிவு இருப்பது அவர்களுக்குத் துணை. ஆனால் இரணியவர்மன் எந்த ஊரில் இருந்தார் என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. இது ஓர் ஊகம், அவ்வளவுதான்.

இதில் டி.என்.ஏ ஒரு சின்ன வெளிச்சம் காட்டியிருக்கிறது. கம்போடியாவின் அங்கோர் போரெய் பகுதிப் புதைகுழியில் கிடைத்த, கி.பி. 1 முதல் 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறுவனின் எலும்பில் 40 முதல் 50 சதவீதம் தெற்காசிய மரபுக் கலப்பு இருப்பதாக 2022-ல் ஆய்வு வெளியானது. நந்திவர்மனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து அங்கே ஆட்கள் போய்க் குடும்பமாகிவிட்டார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் 12 வயது பல்லவமல்லன் அங்கிருந்து வந்தான் என்பதற்கு இது சான்று ஆகாது. இரண்டையும் கலந்து பகிர்ந்துவிட வேண்டாம்.

ராஜா ஆனபின் தான் சண்டையே

வம்சாவளி அரியணை வரை கொண்டுவந்து விட்டது. அங்கே உட்கார்ந்திருக்க வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். முக்கியமானவர், வேகவதி ஆற்றங்கரை வில்வலபுரத்தைச் சேர்ந்த தளபதி உதயசந்திரன். கும்பகோணம் பக்கம் நந்திபுரத்தில் தமிழ் அரசர்கள் நந்திவர்மனைச் சுற்றி வளைத்தபோது மீட்டு வந்தவர் இவர். சித்திரமாயன் என்ற பல்லவ அரசனைக் கொன்றதும் இவர்தான். இந்தச் சித்திரமாயன் யார்? அரியணைக்கு இன்னொரு உரிமைக்காரராக இருக்கலாம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. பாருங்கள், அவரும் பல்லவர்தான். வம்சாவளி இரண்டு பக்கமும் இருந்தது. தளபதி ஒரு பக்கம்தான் இருந்தார்.

அடுத்து சாளுக்கியர். இப்போது மன்னராகிவிட்ட இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே நுழைந்துவிட்டார். முடிசூட்டின்போது பையன் கைக்கு வந்த அதே கட்வாங்கக் கொடியும் சமுத்திரகோஷமும் எதிரி கைக்குப் போயின. நந்திவர்மன் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. ஆனால் விக்கிரமாதித்தன் நகரத்தை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்ததாக அவர் வெட்டிய கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. காஞ்சியை வென்றதன் நினைவாக அவருடைய ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டியதுதான் விருபாட்சர் கோயில்.

நந்திவர்மன் திரும்பி வந்தார். கொஞ்ச காலத்தில் சாளுக்கியரையே ராஷ்டிரகூட தந்திதுர்க்கன் வீழ்த்திவிட்டார். நந்திவர்மனின் ராணி பெயர் ரேவா. ராஷ்டிரகூட இளவரசியாக இருக்கலாம் என்பார்கள். அவர்களின் மகனுக்குத் தந்திவர்மன் என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பாண்டியர்களோடும் கங்கர்களோடும் மோதல் தொடர்ந்தது. சிலதில் வெற்றி, சிலதில் தோல்வி. நடுநடுவே தானங்கள். 58-ம் ஆட்சியாண்டின் தண்டந்தோட்டம் செப்பேட்டில், நூற்றுக்கணக்கான வேத அறிஞர்களுக்கான பங்குகளோடு மகாபாரதம் வாசித்துக் காட்டுகிறவருக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார். திருமங்கையாழ்வார் பாடிய பரமேசுவர விண்ணகரம் இவர் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயில்தான்.

இன்று யாராவது நந்திவர்மன் வாரிசா?

நந்திவர்மனுக்கும் நமக்கும் நடுவே சுமார் 1,300 ஆண்டுகள். தோராயமாக 45 தலைமுறை. அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேல் 8 என்று பெருக்கிக்கொண்டே போனால், 45-வது படியில் ஒருவருக்கு 35 லட்சம் கோடி மூதாதையர் வேண்டும். உலகத்தில் அத்தனை பேர் எப்போதுமே இருந்ததில்லை. அதாவது ஒரே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப எல்லோருடைய குடும்ப மரத்திலும் வருகிறார்கள். இந்தியாவில் சுமார் 1,900 ஆண்டுகளாகப் பெரும்பாலும் அவரவர் சமூகத்துக்குள்ளேயே திருமணம் நடந்து வருகிறது என்று 2013-ல் சி.சி.எம்.பி, ஹார்வர்டு அறிவியலாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதனால் கலப்பு இங்கே மெதுவாக நடந்திருக்கும். ஆனாலும் ஒரு மன்னரின் ரத்தம் 45 தலைமுறையாக ஒரே வேலிக்குள் நின்றது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

டி.என்.ஏ-வும் அவ்வளவு தூரம் ஞாபகம் வைத்திருக்காது. ஐந்தாம் தலைமுறைப் பங்காளிகளை இன்றைக்கே சோதித்தாலும் பல நேரம் பொருந்தும் துண்டு எதுவும் கிடைக்காது. ராஜசிம்மனும் நந்திவர்மனும் அந்தத் தூரத்துச் சொந்தம்தான். எச்சில் அறிக்கை அவர்கள் இருவரையுமே யாரோ எவரோ என்று சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம்!

ஒய் குரோமோசோம் வகை ஒத்துப்போகிறது என்பதும் பெரிய விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 31 குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களிடம் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை 2012-ல் வெளியானது. தந்தைவழிப் பிரிவுகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகள் பழையவை என்பது அதன் முடிவு. பல்லவர் என்ற பெயரே பிறக்காத காலம் அது.

வேறொரு கவலையும் உண்டு. 23 அண்ட் மீ என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தது 2023-ல் தெரியவந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அங்கே எச்சில் கொடுத்தவர்களின் மரபணு விவரம் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி கிளம்பியது. பாஸ்வேர்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம். டி.என்.ஏ-வை மாற்ற முடியாது. அதில் உங்கள் பிள்ளைகளின் விவரமும் பாதி இருக்கிறது.

பல்லவர் வாரிசு என்ற உரிமை கோரல் ஒன்றும் புதுசு இல்லை. 13-ம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்தில் ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனும் தன்னைப் பல்லவர் குலம் என்றே சொல்லிக்கொண்டார். காஞ்சியில் பல்லவர் ஆட்சி 9-ம் நூற்றாண்டின் கடைசியில், ஆதித்த சோழன் அபராஜிதனை வீழ்த்தியதோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து இன்றைய ஒரு குடும்பம் வரை அறுபடாமல் வரும் பெயர்ப் பட்டியல் எதுவும் கிடையாது.

நந்திவர்மன் சுமார் 796 வரை ஆண்டார். மாமல்லபுரம் ஆதிவராகக் குகைக் கோயிலில் அவரது 65-ம் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் வெட்டிய இரண்டு மன்னர் உருவங்கள் ராணிகளோடு நிற்பதும் அதே குகையில்தான். 12 வயதில் வந்தவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்து மகன் தந்திவர்மன் முடிசூடினார். இந்த முறை யாரும் மலை, ஆறு கடந்து போய் வாரிசு தேட வேண்டியிருக்கவில்லை.